அரை டிக்கெட்

ஆனி மாதக் கடைசி.
பர்லியார் திருப்பத்தில் குரங்குகளுக்குக் கம்பைக் காட்டியபடி
சபூரா சொன்னாள்:
"முழுப் பழம்தான், பாதியெல்லாம் இல்லை.
ரெண்டு பேரும் சேர்ந்து தின்னணும்,
வெறும் வயித்துல."
எதற்கென்று நாங்கள் சொல்லவேயில்லை.
ஒன்பது வருடம்
முகத்தில் தெரியும் போலிருக்கிறது.

துரியனோடு பேருந்தில் ஏறக்கூடாதாம்.
காலி கேரட் கூடைகள் ஏற்றிவந்த வண்டியில்
அந்த நாற்றத்தை மடியில் வைத்துக்கொண்டு
குன்னூர் வந்தோம்.
ஜெயசீலன் மூக்கைப் பொத்திக்கொண்டு தின்றான்.
எனக்குப் பிடித்துவிட்டது.
வதக்கிய வெங்காயத்தையும் பாலாடையையும்
ஒரே கிண்ணத்தில் மறந்து வைத்தது போல ஒரு ருசி.
வெளியே சொல்லவில்லை.
மருந்து பிடிக்கக் கூடாதல்லவா.

மிச்சம் ஏழு கொட்டை.
கழுவிக் காயவைத்து
அவரை விதை போலச் சாம்பலில் புரட்டி
எடுத்துவைக்கலாமென்று பார்த்தேன்.
காய்ந்தால் செத்துப்போகும் ஜாதியாம் இது.
தபால் பிரிக்கும் மேசையில்
பக்கத்து இருக்கை அக்கா சொன்னார்.
அன்று மாலையே எண்ணெய் டின்னில் மண் நிரப்பினேன்.

ஐந்து அழுகின.
ஒன்றை நத்தை தின்றது.
ஒன்று மட்டும்
ஒற்றைக் காலை மண்ணில் ஊன்றி
கொட்டையைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு நின்றது,
தண்ணீர்க் குடத்தை இறக்கி வைக்க
ஆள் தேடுகிறவள் போல.
இலைக்கு அடியில்
புளி போட்டுத் தேய்த்த செம்பின் நிறம்.

நாத்தனார் தொலைபேசியில் கேட்டாள்:
"ஏதாவது விசேஷம் உண்டா?"
உண்டு, என்றேன். நாலாவது இலை.
அந்தப் பக்கம் கொஞ்ச நேரம்
கோயமுத்தூர் மட்டும் இரைந்தது.

ஆறாயிரம் அடியில் துரியனா என்று
தோட்டக்கலை ஆபீஸில் சிரித்தார்கள்.
மார்கழியில் சிரிப்பு புரிந்தது.
புல்லெல்லாம் உப்புப் பூத்த காலையில்
டின்னைக் குளியலறைக்குள் கொண்டுவந்தோம்.
வெந்நீர் பாய்லருக்குப் பக்கத்தில் இடம்.
அறுபது வாட் பல்பு.
என் பழைய ஸ்வெட்டரின் கை.
இரவு இரண்டு மணிக்கு எழுந்தால்
படுக்கையில் ஜெயசீலன் இல்லை.
கதவிடுக்கில் வெளிச்சம்.
நம்பிக்கையே இல்லாதவன்
முக்காலியில் உட்கார்ந்து
கருகிய இலை நுனியை நகத்தால் கிள்ளிக்கொண்டிருந்தான்.

"நமக்காகத்தான் இது இங்கே கஷ்டப்படுது"
என்றான்.
நான் பல்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
பதில் சொல்ல மாசி வரை ஆயிற்று.

மேட்டுப்பாளையம் பேருந்து.
"செடிக்கு லக்கேஜ்" என்றார் கண்டக்டர் ஆல்துரை.
மடியில்தானே இருக்கிறது?
"மடியில இருந்தா அரை டிக்கெட்."
பின்சீட்டில் யாரோ சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை,
கிழித்தே கொடுத்துவிட்டார்.
ஒவ்வொரு வளைவிலும் காது அடைத்துத் திறந்தது.
காட்டேரி தாண்டியதும் என் சால்வையை எடுத்தேன்,
அடுத்த வளைவில் அதன் ஸ்வெட்டரை.

கடைக்குப் பின்னால், பாக்கு மரங்களுக்கு நடுவே
சபூரா கடப்பாரையால் குழி போட்டாள்.
"பத்து வருஷம் ஆகும்.
கொட்டையில வந்தது, தாய் மாதிரியே காய்க்கும்னு
சத்தியம் பண்ண முடியாது."
பரவாயில்லை என்றேன்.
மண்ணை மிதித்தபடி, என்னைப் பார்க்காமல் கேட்டாள்:
"பலிச்சுதா?"
இல்லை.
மறுபடி மிதித்தாள், அதே இடத்தில்.
"பழம் எப்படி இருந்துச்சு?"
"ரொம்ப நல்லா இருந்துச்சு, அக்கா."
எட்டு மாதம் கழித்து
வாயைவிட்டு வந்தது அது.
"இப்போ சீசன் இல்லை. ஆனியில வா."

வருவேன்.
வெறும் வயிற்றில் அல்ல, சாப்பிட்ட பிறகு,
ஆசைக்கு.
மூக்கைப் பொத்திக்கொள்ள
அவனையும் கூட்டிக்கொண்டு.

குளியலறைத் தரையில்
டின் வைத்த இடத்தில் துரு வட்டம்.
தேய்த்தால் போகும்.
அரை டிக்கெட்
கண்ணாடிச் சட்டத்தின் இடுக்கில் இருக்கிறது.